தெரியுது மாமா

என் கட்டைவிரல் ரோஸ் நிறத்தில் இருப்பதை முதலில் கண்டுபிடித்தவள் அக்கா மகள். அப்போது அவளுக்கு 8 வயது. ஒரு சிவப்புக் கைக்குட்டையை முஷ்டிக்குள் திணித்து, ஊதி, விரல்களை விரித்து, "எங்கே போச்சு, சொல்லு பார்ப்போம்" என்றேன். அவள் கைக்குட்டையைத் தேடவே இல்லை. "மாமா, அந்த ஒரு விரல் மட்டும் ஏன் வெள்ளைக்காரன் விரல் மாதிரி இருக்கு?" என்றாள். கூடத்தில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். அதிக நேரம் சிரித்தது என் மனைவி.

கட்டைவிரல் மேல் மாட்டிக்கொண்டு கைக்குட்டையை ஒளிக்கும் அந்தப் பிளாஸ்டிக் விரலை 2017 சித்திரைப் பொருட்காட்சியில் வாங்கினேன். மதுரைக்காரர்களுக்குத் தெரியும், அப்போதெல்லாம் தமுக்கம் மைதானத்தில் டெல்லி அப்பளத்துக்கும் ராட்டினத்துக்கும் நடுவில் எங்காவது ஒரு மேஜிக் சாமான் கடை இருக்கும். புரட்டினால் படம் மாறும் புத்தகம், காசு காணாமல் போகும் டப்பி, எல்லாச் சீட்டும் ஒரே சீட்டாக மாறிவிடும் கட்டு, அப்புறம் இந்த விரல். நான்கும் சேர்ந்து 350 ரூபாய். பணத்தைக் கொடுத்த பிறகுதான் ரகசியம். கடைக்காரர் நம்மை ஓரமாகக் கூப்பிட்டுக் காதோடு காதாகச் சொல்லிவிட்டு அடுத்த ஆளைப் பார்க்கப் போய்விடுவார்.

வீட்டுக்கு வந்து பார்த்தால், அவர் கையில் மாயமாக இருந்த சாமான் என் கையில் வெறும் பிளாஸ்டிக்காக இருந்தது. அவர் தினமும் மாலை 4 மணியிலிருந்து கடை சாத்தும் வரை, ஆளுக்கு ஆள் அதே நான்கு வித்தையைச் செய்துகொண்டிருந்தார். ஒரே நாளில் நூறு முறையாவது செய்திருப்பார். நான் ஆட்டோவில் வரும் வழியில் இரண்டு முறை செய்து பார்த்தேன்.

இப்போது என்னைப் பார்த்து, "மேஜிக் கத்துக்கணும்னா எங்கே போகணும்?" என்று கேட்பவர்கள் உண்டு. நான் மேடை ஏறிச் சம்பாதிக்கும் ஆள் கிடையாது. தொழில் மெடிக்கல் ரெப். பத்துப் பேர் முன்னால் கைநடுங்காமல் நான்கைந்து வித்தை செய்வேன், அவ்வளவுதான். ஆனால் ஆரம்பத்தில் எங்கெல்லாம் முட்டி மோத முடியுமோ அங்கெல்லாம் மோதியிருக்கிறேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பொருட்காட்சிக் கடைக்குப் போகாதீர்கள் என்று சொல்ல மாட்டேன். போய் அரை மணி நேரம் நில்லுங்கள். ஆனால் அவர் கையைப் பார்க்காமல் வாயைக் கவனியுங்கள். எந்த இடத்தில் கேள்வி கேட்கிறார், எந்த இடத்தில் ஒரு பையனை முன்னால் இழுத்து நிறுத்துகிறார் என்று பாருங்கள். வாங்குவதானால் அந்தச் சீட்டுக்கட்டை மட்டும் வாங்குங்கள். அதன் சூட்சுமத்தை இங்கே சொல்ல மாட்டேன், அது காசு கொடுத்தவருக்கு உரியது. விரல் விஷயத்தை மட்டும் சொல்லிவிட்டாயே என்றால், அதைப் போட்டுக்கொடுத்தது நான் இல்லை, அக்கா மகள்.

பொருட்காட்சிக்குப் பிறகு யூடியூப். ரெப் வேலையில் பாதி நேரம் காத்திருப்பதுதான். டாக்டர் அறைக்கு வெளியே, நோயாளிகள் எல்லாம் போன பிறகு கடைசியாக நம்மைக் கூப்பிடுவார்கள். காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு மூன்று மாதம் பார்த்தேன். ஐம்பது அறுபது வித்தைகளின் ரகசியம் தெரிந்துவிட்டது. ஒன்றைக்கூடச் செய்ய வரவில்லை.

அங்கே இரண்டு விதமான வீடியோக்கள் இருக்கின்றன. ஒன்று, ‘ரகசியம் அம்பலம்’ வகை. பார்த்ததும் "அட, இவ்வளவுதானா" என்று தோன்றும், அதோடு ஆசையும் அடங்கிவிடும். இன்னொன்று, உண்மையிலேயே பாடம் நடத்துபவை. அடையாளம் கண்டுபிடிப்பது சுலபம். பாடம் நடத்துபவர் ஒரே அசைவைப் பார்ப்பவர் பக்கத்திலிருந்தும் செய்பவர் பக்கத்திலிருந்தும் காட்டுவார், பக்கவாட்டில் ஆள் உட்கார்ந்தால் தெரிந்துவிடும் என்று எச்சரிப்பார், வழக்கமாக எங்கே தப்பு வரும் என்பதையும் சொல்வார். வேகத்தைப் பாதியாகக் குறைத்துப் பாருங்கள். செல்ஃபி கேமராவில் எடுத்த வீடியோவில் வலது இடதாகத் தெரியலாம். அது புரியாமல் ஒரு வித்தையைத் தப்பான கையில் மூன்று வாரம் பழகினேன். சரியான கைக்கு மாற்ற ஐந்து வாரம் ஆனது.

அந்தச் சமயத்தில் என் கையில் பத்து ரூபாய் நாணயம் நிறையச் சேர்ந்திருந்தது. செல்லாது என்று யாரோ கிளப்பிவிட்ட வதந்தியை நம்பிக் கடைக்காரர்களும் கண்டக்டர்களும் வாங்க மறுத்த காலம். ரிசர்வ் வங்கி செல்லும் செல்லும் என்று சொல்லியும் யாரும் கேட்கவில்லை. பஸ்ஸில் வாங்காத நாணயம் மேஜிக்குக்கு அருமையாக உதவியது. வெளிநாட்டுப் புத்தகங்களில் எல்லாம் அமெரிக்க அரை டாலரை வைத்துக்கொள்ளச் சொல்வார்கள், அது 30 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேல். நம் பத்து ரூபாய் 27 மில்லிமீட்டர். உள்ளங்கையில் பிடித்து மறைக்க ஒரு ரூபாயும் இரண்டு ரூபாயும் எனக்குச் சரிப்படவில்லை. பத்து ரூபாய்தான் நின்றது.

அண்ணா நகரில் ஒரு சர்க்கரை நோய் டாக்டரின் கிளினிக். நாணயத்தை வைத்துப் பழகிக்கொண்டிருந்தேன். கை வேர்த்து, நழுவி, உருண்டு, எதிர் பெஞ்சுக்குக் கீழே போய்விட்டது. அங்கே உட்கார்ந்திருந்த பெரியவர் குனிந்து எடுத்தார். வேட்டி, கதர்ச் சட்டை, மடியில் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட். எடுத்ததை இடது கையிலிருந்து வலது கைக்கு மாற்றினார். வலது கையை என்னிடம் நீட்டித் திறந்தார். ஒன்றும் இல்லை. இடது கையால் ரிப்போர்ட்டை மடித்துக்கொண்டிருந்தார்.

"காசு விழுந்தது தப்பில்ல தம்பி. அது விழுறதுக்கு முன்னாடியே எனக்குத் தெரிஞ்சிருச்சு."

முப்பது வருடம் பள்ளிக்கூடங்களில் மேஜிக் செய்தவர். 80களில் படித்தவர்களுக்கு நினைவிருக்கும், வருடத்துக்கு ஒருமுறை ஒரு மேஜிக்காரர் இரண்டு தகரப் பெட்டியோடு வருவார். ஆளுக்கு 50 பைசா. எட்டாம் வகுப்பு மாணவன் மூக்கிலிருந்து காசு கொட்டும், கவிழ்த்து வைத்த செம்பை மறுபடி எடுத்துச் சாய்த்தால் மறுபடி தண்ணீர் வரும். அந்தச் செம்பு வித்தையைத்தான் வங்காளத்தின் பி.சி. சர்க்கார் ‘இந்தியாவின் நீர்’ என்ற பெயரில் உலக மேடைகளில் நிகழ்ச்சிக்கு நடுநடுவே செய்துகொண்டிருந்தார். சர்க்காரின் மகாராஜா உடையைப் பார்த்துத்தான் நம் ஊர்ப் பள்ளி மேஜிக்காரர்கள் வரை ஜிகினாத் தலைப்பாகை வந்தது என்பார் ஐயா, அந்தப் பெரியவரை அப்படித்தான் கூப்பிடுவேன். அவர் எங்கள் பள்ளிக்கும் வந்திருக்கலாம். அவருக்கு நினைவில்லை. எனக்கு நினைவில் இருப்பது தலைப்பாகை மட்டும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் செல்லூரில் அவர் வீட்டுக்குப் போக ஆரம்பித்தேன். காசு வாங்க மாட்டார். இனிப்பு வாங்கிப் போனால் அவர் மனைவி என்னை முறைப்பார். கொய்யாக்காய் வாங்கிப் போவேன்.

முதல் மூன்று வாரம் ஒரே ஒரு அசைவு. ஆங்கிலத்தில் ஃபிரெஞ்ச் டிராப் என்பார்கள், ஐயா ‘பொய் எடுப்பு’ என்பார். இடது கையின் கட்டைவிரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில் நாணயம் படுத்திருக்கிறது. வலது கை வந்து அதை எடுக்கிறது. உண்மையில் எடுப்பதில்லை. வலது கட்டைவிரல் நாணயத்துக்குக் கீழே நுழையும் நேரத்தில் இடது கை பிடியைத் தளர்த்துகிறது, நாணயம் அந்தக் கையின் விரல் மடிப்புக்குள்ளேயே விழுகிறது, வலது கை காற்றை மூடிக்கொண்டு போகிறது. ரகசியம் இவ்வளவுதான். ஐந்து வயதுக் குழந்தைக்கும் விளங்கும். நான் யூடியூபில் கற்றதும் இதுவே.

ஐயா முன்னால் செய்து காட்டினேன்.

"தெரியுது."

மறுபடி செய்தேன்.

"தெரியுது தம்பி. சரி, ரகசியத்தை விடுங்க. நிஜமாவே எடுங்க. நூறு தடவை எடுங்க."

அவமானமாக இருந்தது. ஒரு காசை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு நூறு முறை எடுத்தேன். அவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். நாற்பதாவது முறைவாக்கில் எனக்கே சில விஷயங்கள் புலப்பட்டன. நிஜமாக எடுக்கும்போது என் கண் வலது கையோடு போகிறது. பொய்யாக எடுக்கும்போது இடது கையிலேயே ஒட்டிக்கொண்டு நிற்கிறது, திருடன் மடியைத் தொட்டுப் பார்ப்பது மாதிரி. நிஜமாக எடுத்த பிறகு இடது கை தளர்ந்து கீழே இறங்கிவிடுகிறது. பொய்யில் அது போட்டோவுக்கு நிற்பது போல அந்தரத்தில் உறைந்து நிற்கிறது. நிஜத்தில் வலது முஷ்டிக்குள் ஒரு காசுக்கான இடம் இருக்கிறது. பொய்யில் கொசுவை நசுக்குவது மாதிரி இறுக்கி மூடுகிறேன். இதில் ஒன்றைக்கூட எந்த வீடியோவும் எனக்குச் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம், ஆனால் என் கையைப் பார்த்து யாரும் சொல்லவில்லை.

ஆரம்பிப்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். "தெரியுது" என்று முகத்துக்கு நேராகச் சொல்ல ஒரு ஆளைத் தேடிக்கொள்ளுங்கள். கற்றுக்கொடுப்பவராகவே இருக்க வேண்டும் என்றில்லை. என் மனைவி உதவவில்லை, நான் வருத்தப்படுவேன் என்று "நல்லாருக்குங்க" என்றுவிடுவாள். அக்கா மகள் இரக்கமே காட்ட மாட்டாள்.

கண்ணாடி முன்னால் பழகலாமா என்று கேட்பார்கள். பழகலாம், ஆனால் அதில் ஒரு வினோதமான சிக்கல் இருக்கிறது. காசு விழும் அந்தக் கணத்தில் நமக்கே தெரியாமல் கண்ணை மூடிவிடுவோம். நம் தப்பு நம் கண்ணில் படாது, வித்தை பிரமாதமாக நடந்தது போல இருக்கும். போனை எதிரே வைத்து வீடியோ எடுத்தபோதுதான் நான் ஒவ்வொரு முறையும் கண் சிமிட்டுவது தெரிந்தது. போனையும் நம் முகத்தின் உயரத்தில் வைக்கக் கூடாது. பார்க்கப் போவது தரையில் உட்கார்ந்திருக்கும் குழந்தைகள் என்றால் தரையில் வையுங்கள். கீழேயிருந்து பார்த்தால் உள்ளங்கை மொத்தமும் திறந்த வீடு.

அந்த ரோஸ் விரலையும் ஐயாவிடம் கொண்டுபோனேன். வேறு நிறம் கிடைக்குமா, பெயின்ட் அடிக்கலாமா என்று கேட்டேன். வாங்கித் தன் கறுத்த விரலில் மாட்டிக்கொண்டார். பேசிக்கொண்டே கையை அங்கும் இங்கும் ஆட்டினார், மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்தார். என் கண்ணுக்கு ரோஸ் நிறம் படவே இல்லை. "கலர்ல என்ன இருக்கு? விரல் நுனி எப்பவும் பார்க்கிற ஆளையே குறி வச்சு நிக்கணும், கை நிக்காம ஓடிட்டே இருக்கணும். நீங்க லைக் போடுற மாதிரி தூக்கிக் காட்டிருப்பீங்க" என்றார். அப்படித்தான் காட்டியிருந்தேன்.

பேசுவதற்கு அவர் சொன்ன முன்மாதிரி மோடி மஸ்தான். பாம்புக்கும் கீரிக்கும் சண்டை விடப் போகிறேன் என்று சொல்லி ஒரு மணி நேரம் கூட்டத்தை நிறுத்தி வைப்பவர். நடுவில் போனால் ரத்தம் கக்கிச் சாவாய் என்பார். சண்டை ஒரு நாளும் நடந்ததில்லை, தாயத்து மட்டும் விற்றுத் தீரும். "அந்த ஆளுக்குக் கை வித்தை ஒண்ணுகூட வேண்டியதில்ல, வாய் போதும். உங்களுக்குக் கை இருக்கு, வாய் இல்ல" என்றார் ஐயா. ரெப் வேலையில் நாற்பது விநாடியில் ஒரு மாத்திரையைப் பற்றிச் சொல்லி முடித்துப் பழகியவன் நான். அந்தத் திறமை மேஜிக்குக்கு நேர் எதிரி. காசு மறைந்து அரை நிமிடம் கழித்துத்தான் கையைத் திறக்க வேண்டும் என்பதைப் பழக எனக்கு ஒரு வருடம் ஆனது. மறைத்த உடனே திறந்தால், "எடுக்கவே இல்லையோ" என்று பார்ப்பவர் மனசு பின்னால் போய்ச் சரிபார்த்துவிடும். நடுவில் ஒரு கேள்வி கேட்டு, "உங்க பேர் என்ன, எத்தனாவது படிக்கிறீங்க" என்று இழுத்துவிட்டால் அவருக்குப் பழைய அசைவு மறந்துபோகும்.

நடுவில் ஒரு வேறு வாசல் திறந்தது. 1980இல் தொடங்கிய தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தினர் பள்ளிகளிலும் முகாம்களிலும் ‘மந்திரமா? தந்திரமா?’ என்ற நிகழ்ச்சியை நடத்துவார்கள். திராவிடர் கழக மேடைகளிலும் இதே தலைப்பைக் கேட்டிருப்பீர்கள். எரியும் கற்பூரத்தை உள்ளங்கையில் ஏந்துவது, நாக்கில் வைத்து அணைப்பது, எலுமிச்சம்பழத்தை அறுத்தால் ரத்தம் வருவது, நெருப்பே வைக்காமல் யாக குண்டம் பற்றிக்கொள்வது எல்லாம் செய்து காட்டிவிட்டு, எப்படி என்பதையும் அங்கேயே உடைத்துச் சொல்லிவிடுவார்கள். இலங்கையில் ஆசிரியராக வாழ்ந்த ஆபிரகாம் கோவூர், ஏமாற்ற முடியாத சூழலில் ஒரு அற்புதத்தைச் செய்து காட்டினால் ஒரு லட்சம் ரூபாய் தருகிறேன் என்று சாமியார்களுக்குச் சவால் விட்டாரே, அந்த மரபு. உங்கள் ஊரில் நடந்தால் போய்ப் பாருங்கள். கற்றுக்கொள்ள ஆசைப்படுபவரை விரட்ட மாட்டார்கள். குறிப்பாக ஆசிரியர்களுக்கு இதைவிட நல்ல தொடக்கம் இல்லை.

ஆனால் அங்கே பார்த்ததை வீட்டில் தனியாகச் செய்யாதீர்கள். யாக நெருப்பு என்பது பொட்டாசியம் பெர்மாங்கனேட்டின் மேல், நெய் என்று சொல்லி கிளிசரினை ஊற்றுவது. நான் மொட்டை மாடியில் செய்தேன். ஊற்றினேன், ஒன்றும் நடக்கவில்லை. தூள் கொரகொரப்பாக இருந்தால் பற்ற நேரமாகும் என்பது அப்போது தெரியாது. என்ன ஆச்சு என்று குனிந்து பார்த்தேன். பார்த்த நேரத்தில் பற்றிக்கொண்டது. ஒரு பக்கப் புருவம் பொசுங்கி, இரண்டு வாரம் டாக்டர்களிடம் கேஸ் அடுப்பு என்று பொய் சொன்னேன். மாடியில் பழுப்புக் கறை இன்னும் இருக்கிறது.

ஐயாவிடம் இதைச் சொல்லத் தயங்கினேன். ரகசியத்தை வெளியே சொல்லக் கூடாது என்பது அவர் எனக்குப் போட்ட ஒரே நிபந்தனை. இவர்களோ மைக்கில் சொல்கிறார்கள். அவர் கோபப்படவில்லை. "அவங்க சாமியாரைப் பிடிக்கச் சொல்லிக் கொடுக்குறாங்க. அது வேற கணக்கு. டீக்கடையில நாலு பேரு மெச்சணும்னு சொல்றீங்க பாருங்க, அதைத்தான் வேணாங்குறேன்" என்றார்.

புத்தகத்துக்கு வருவோம். தமிழில் பஸ் ஸ்டாண்டுகளிலும் புதுமண்டபப் பக்கமும் கிடைத்த மெல்லிய ஜால வித்தைப் புத்தகங்கள் சிலவற்றை வாங்கினேன். பாதி மூலிகை, கால்வாசி மந்திரம், மீதியில் பள்ளிக்கூட வேதியியல். படிக்கச் சுவையாக இருந்தன, கைக்கு ஒன்றும் வரவில்லை. சீட்டு வித்தையில் ஆசை இருந்தால், ஆங்கிலம் தட்டுத்தடுமாறியாவது படிக்க வரும் என்றால், ஹியூகார்டும் பிரவுவும் 1948இல் எழுதிய ‘தி ராயல் ரோடு டு கார்டு மேஜிக்’ போதும். சீட்டைக் கலைப்பதில்தான் முதல் அத்தியாயமே தொடங்குகிறது. ஒரு கைப்பழக்கத்தைச் சொல்லிக்கொடுத்துவிட்டு, அதை மட்டும் வைத்துச் செய்யக்கூடிய வித்தைகளை அடுத்தாற்போல் தருவார்கள். நாணயத்துக்கு 1952இல் வந்த போபோவின் புத்தகம். இரண்டையும் நாவல் மாதிரி படிக்க முடியாது. கையில் சீட்டுக்கட்டை வைத்துக்கொண்டு, "இடது கட்டைவிரல், வெளி ஓரம், மேல் மூலை" என்று வரிக்கு வரி நின்று செய்துபார்க்க வேண்டும். எனக்கு ஒரு நாளைக்கு இரண்டு பக்கம்தான் ஓடும்.

கை வேலையே வேண்டாம், தானாக நடக்கும் வித்தை ஒன்றில் தொடங்குவோம் என்றால் எல்லோரும் 21 சீட்டு வித்தைக்குப் போவார்கள். மூன்று வரிசை, வரிசைக்கு ஏழு. நினைத்த சீட்டு இருக்கும் வரிசையை ஒவ்வொரு முறையும் நடுவில் வைத்து அடுக்கி, மூன்று முறை பரப்பினால் அது 11ஆவது சீட்டாக வந்து நிற்கும். கணக்கு ஒருபோதும் தப்பாது. ஆனால் மூன்று முறை பரப்புவதற்குள் பார்ப்பவர் போனை எடுத்துவிடுவார். தவிர, எல்லார் வீட்டிலும் ஒரு சித்தப்பாவுக்கு இது தெரியும்.

நான் சொல்வது ‘சாவிச் சீட்டு’. கலைத்து முடிக்கும்போது கட்டின் அடியில் இருக்கும் சீட்டை யாரும் கவனிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். அது கிளாவர் நாலு என்று வைத்துக்கொள்வோம். எதிரே இருப்பவர் ஒரு சீட்டை எடுத்துப் பார்த்துக் கட்டின் மேல் வைக்கிறார். கட்டை வெட்டிக் கீழ்ப்பாதியைத் தூக்கி மேலே வைத்தால் கிளாவர் நாலு அவர் சீட்டின் தலைமேல் உட்கார்ந்துவிடும். அவரையே இன்னும் இரண்டு மூன்று முறை வெட்டச் சொல்லலாம், ஜோடி பிரியாது. மேலிருந்து ஒவ்வொன்றாகத் திருப்பிப் போட்டுக்கொண்டே வந்தால் கிளாவர் நாலுக்கு அடுத்தது அவருடையது.

ஜோடி பிரியாது என்றேன். பிரிந்த கதையையும் சொல்ல வேண்டும். எங்கள் குடியிருப்பில் ஒரு பொங்கல் விழா, முதல் முறையாக முப்பது பேர் முன்னால். ஐயா மூன்றே வித்தை, எட்டே நிமிடம் என்று அளந்து கொடுத்திருந்தார். காசு மறைவது, கயிறு வெட்டி ஒட்டுவது, நடுவில் இந்தச் சீட்டு. காசு நன்றாகப் போனது. சீட்டை மாடி வீட்டு அண்ணன் வெட்டினார். நான் ஒவ்வொன்றாகத் திருப்புகிறேன். பத்து, இருபது, முப்பது. கிளாவர் நாலு வரவில்லை. நாற்பதைத் தாண்டியதும் காதுக்குப் பின்னால் வேர்வை இறங்கியது. ஐம்பத்திரண்டாவது சீட்டாக, கடைசியில், அது வந்து சிரித்தது. அதற்கு அடுத்த சீட்டு என்று ஒன்று இல்லை.

அந்த அண்ணன் வெட்டிய வெட்டு சரியாக ஜோடிக்கு நடுவில் விழுந்திருக்கிறது. சாவி அடிக்குப் போய்விட்டது, அவர் சீட்டு உச்சிக்கு வந்துவிட்டது. நான் முதன்முதலில் திருப்பிப் போட்டதே அவருடைய சீட்டுதான். எனக்கு அது அங்கே உறைக்கவில்லை. "இன்னிக்குச் சீட்டு லீவு" என்று எதையோ உளறிவிட்டுக் கயிற்றுக்குத் தாவினேன். இரவு 11 மணிக்குப் பல் தேய்க்கும்போதுதான் விளங்கியது. செய்ய வேண்டியதெல்லாம், திருப்ப ஆரம்பிக்கும் முன்னால் அடிச் சீட்டை ஒரு கண் பார்ப்பது. சாவி அங்கே இருந்தால், "எதுக்கும் கடைசியா ஒரு தடவை வெட்டுங்க" என்று நீட்டிவிட்டால் முடிந்தது. வீட்டில் தனியாக நானே வெட்டி நானே எடுத்து இருநூறு முறை பழகியும் இது ஒருமுறைகூட நடக்கவில்லை.

சீட்டுக்கட்டைப் பற்றி ஒரு வார்த்தை. ரம்மிக்கு வாங்கும் மலிவுக் கட்டில் கற்கலாம், ஆனால் ஐப்பசி கார்த்திகையில் காகிதம் ஊறி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். நான் முகப்பவுடர் தூவிப் பார்த்தேன். முன்வரிசைப் பையன், "அங்கிள், சீட்டு மணக்குது" என்றான். இரண்டு மூன்று மலிவுக் கட்டில் கை பழகிய பிறகு பைசைக்கிள் என்ற பிராண்டு மாதிரி ஒரு நல்ல கட்டு வாங்கிக்கொள்ளுங்கள். முதல் நாளே அதை வாங்கிக் கீழே போட்டுப் போட்டு எடுப்பதில் அர்த்தமில்லை.

முறையாகப் பாடத்திட்டத்தோடு படிக்க வேண்டும் என்பவர்களுக்குத் தென்னாட்டில் நான் சொல்லக்கூடிய பெயர், திருவனந்தபுரத்தில் கோபிநாத் முதுகாடு 1996இல் தொடங்கிய மேஜிக் அகாடமி. நான் படித்ததில்லை. ரெப் வேலைக்கு அவ்வளவு லீவு கிடைக்காது. இப்போது என்ன வகுப்பு, யாரைச் சேர்க்கிறார்கள் என்று நேரில் விசாரித்துக்கொள்ளுங்கள். 2014இல் கழக்கூட்டத்தில் அவர் தொடங்கிய மேஜிக் பிளானட்டுக்கு மட்டும் குடும்பத்தோடு போயிருக்கிறேன். அங்கே தரையில் உட்கார்ந்து ஒருவர் மூன்று கிண்ணமும் துணிப் பந்துகளும் வைத்துச் செய்ததைப் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டேன், பிள்ளைகள் இழுத்த இழுப்புக்கும் நகரவில்லை. மலையாளத்தில் அதற்குச் செப்பும் பந்தும் என்று பெயர். வாழக்குந்நம் நம்பூதிரி அதில் பேர்போனவர். நாம் ‘செப்படி வித்தை’ என்று ஏமாற்று வேலைக்கு வைத்திருக்கும் சொல்லில் இருப்பதும் அந்தச் செப்புதான்.

சங்கங்களும் உண்டு. 1922இல் கனடாவில் ஆரம்பித்த சர்வதேச மேஜிக் சகோதரர் அமைப்புக்கு உலகமெங்கும் கிளைகள், அவற்றை ‘ரிங்’ என்பார்கள். நம் பெரிய ஊர்களிலும் மேஜிக்காரர்கள் மாதம் ஒருமுறை கூடும் சின்னச் சின்ன வட்டங்கள் இருக்கின்றன. நான் போன ஒரு கூட்டத்தில் முதல் ஒரு மணி நேரம் யாருக்கு எந்த மேடையில் மாலை போடவில்லை என்ற பேச்சே ஓடியது. பொறுத்திருந்தேன். டீக்குப் பிறகு ஒவ்வொருவராகப் பையைத் திறந்தார்கள். அப்போது கற்றது ஒரு வருட யூடியூபுக்குச் சமம். கூட்டத்தைத் தேடிப் போனால் டீ வரை இருங்கள்.

அங்கே ஒருவர் சொன்ன கதை. எந்த வித்தையையும் மூன்று முறை பார்த்தால் சொல்லிவிடுவேன் என்று அமெரிக்க மேஜிக்காரர் ஹூடினி சொல்லிக்கொண்டிருந்தாராம். 1922இல் சிகாகோவில் டாய் வெர்னன் என்ற இளைஞர், நடுவில் செருகிய சீட்டை மேலே வரவைக்கும் வித்தையை அவருக்குத் திரும்பத் திரும்பச் செய்து காட்டினார். ஹூடினியால் கண்டுபிடிக்க முடியவில்லை. "அதனால நாமளும் திரும்பச் செய்யலாம்னு நினைச்சுராதீங்க. நீங்க வெர்னன் இல்ல" என்று முடித்தார். "மாமா, இன்னொரு தடவை" என்று பிள்ளைகள் கேட்கும்போதெல்லாம் எனக்கு இது ஞாபகம் வரும். அதே வித்தையைச் செய்யாமல், அது மாதிரியே முடியும் இன்னொன்றைச் செய்வேன்.

செலவு என்று பார்த்தால், அந்த 350 ரூபாய்க்குப் பிறகு இரண்டு புத்தகம், ஏழெட்டுச் சீட்டுக்கட்டு, கொஞ்சம் பருத்திக் கயிறு, ஒரு கத்தரிக்கோல். நாணயங்கள் எப்படியும் என்னுடையவை. நேரம்தான் அதிகம். தினமும் இருபது நிமிடம், பெரும்பாலும் கிளினிக் பெஞ்சில். ஊசிக்குப் பயந்து அழும் குழந்தை இருந்தால் அதன் காதுக்குப் பின்னாலிருந்து பத்து ரூபாயை எடுப்பேன். சில குழந்தைகள் சிரிக்கும். சில இன்னும் உரக்க அழும். இரண்டையும் பார்த்துவிட்டேன்.

அக்கா மகள் இப்போது பிளஸ் ஒன். அவள் பிடிப்பது குறைந்துவிட்டது, நான் தேறியதாலா, அவள் போனைப் பார்ப்பதாலா என்று சொல்ல முடியவில்லை. போன ஞாயிறு செல்லூர் போயிருந்தேன். ஐயாவுக்குக் கண்ணில் புரை நீக்கிக் கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார்கள். பொய் எடுப்பைச் செய்து காட்டினேன், கொஞ்சம் அலட்சியத்தோடு. கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாமலே பார்த்தார்.

"கண்ணு சரி. வலது கை சரி. இடது கை சுண்டுவிரல் மட்டும் இன்னும் விறைப்பா நிக்குது தம்பி."

இடது கையைக் குனிந்து பார்த்தேன். நின்றுகொண்டிருந்தது.